ஒரே ஆளை இருமுறை சோதிப்பதா, இரண்டு குழுக்களைத் தனித்தனியே சோதிப்பதா?

ஒரு தாளில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைகளில் நூறு சொற்கள் அச்சாகியிருப்பதாகக் கொள்வோம். முதல் சொல் ‘சிவப்பு’, ஆனால் அது பச்சை மையில் இருக்கிறது. அடுத்த சொல் ‘நீலம்’, மையோ பழுப்பு. சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டால், முதல் வரிசை முடிவதற்குள்ளேயே நாக்கு இடறும். ‘பச்சை’ என்று சொல்ல வாயெடுத்தவர் ‘சிவ’ என்று தொடங்கிவிட்டுத் தம்மைத் திருத்திக்கொள்வார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் செய்து 1935-ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையின் தமிழ் வடிவம் இது. அவருடைய சோதனையில் நூறு பேர் கலந்துகொண்டார்கள். வெறும் நிறக் கட்டங்கள் நூற்றின் பெயரைச் சொல்லி முடிக்க அவர்களுக்குச் சராசரியாக 63.3 வினாடிகள் ஆயின. நிறமும் பொருளும் முரண்படும் நூறு சொற்களின் மை நிறத்தைச் சொல்லி முடிக்க 110.3 வினாடிகள் ஆயின.

இந்த முடிவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். சோதனையை அவர் எப்படி அமைத்தார் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. நூறு பேரில் ஐம்பது பேருக்குக் கட்டங்களையும் மீதி ஐம்பது பேருக்குச் சொற்களையும் கொடுத்து இரண்டு சராசரிகளையும் ஒப்பிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் நூறு பேரையும் இரண்டையும் செய்ய வைத்தார். உளவியலில் முதன்முதலாகச் சோதனை ஒன்றை வடிவமைக்க உட்காரும் மாணவர் எடுக்க வேண்டிய முதல் பெரிய முடிவு இதுவே. ஒப்பிடப்படும் சூழல்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் சந்திக்கும் அமைப்பை ‘ஒரே குழு வடிவமைப்பு’ என்றும், ஒவ்வொரு சூழலுக்கும் வெவ்வேறு ஆட்களை ஒதுக்கும் அமைப்பைத் ‘தனிக்குழு வடிவமைப்பு’ என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி, அதனால் மாறுகிறதா என்று அளக்கப்படுவது சார்ந்த மாறி. ஸ்ட்ரூப் சோதனையில் தாளின் வகை சாரா மாறி. சொல்லி முடிக்க ஆன நேரம் சார்ந்த மாறி.

ஒரே குழு வடிவமைப்பின் வலிமையை உணர ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் நினைவாற்றல் குறையுமா என்று ஒரு மாணவி சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே எழுதியவை. ஐந்து பேர் அமைதியான அறையில் இருபது சொற்கள் கொண்ட பட்டியலைப் படித்துவிட்டு நினைவுகூர்ந்த சொற்கள் முறையே 14, 9, 17, 11, 13. அதே ஐவர் பாட்டு ஒலிக்கும்போது நினைவுகூர்ந்தவை 12, 8, 14, 9, 11. சராசரிகள் 12.8, 10.8, வேறுபாடு இரண்டு சொற்கள். இந்தப் பத்து எண்களும் பத்து வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவை என்றால் இந்த வேறுபாட்டை யாரும் நம்பமாட்டார்கள். அமைதியான அறையிலேயே ஒருவர் 9 சொற்களும் இன்னொருவர் 17 சொற்களும் சொல்லியிருக்கும்போது, சராசரியில் இரண்டு சொல் கூடுவதும் குறைவதும் யார் எந்த அறையில் உட்கார்ந்தார் என்பதனாலேயே நேரக்கூடும். ஆனால் ஒரே ஆட்கள் என்று தெரிந்தவுடன் பார்வை மாறிவிடுகிறது. ஒவ்வொருவரும் தம்முடைய முந்தைய அளவிலிருந்து இழந்தவை 2, 1, 3, 2, 2 சொற்கள், ஒருவர்கூட விலக்கில்லை. இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கப் புள்ளியியலில் வழக்கமாகப் போடும் டி-சோதனையில் (மதிப்பு பெரிதாகப் பெரிதாகத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்), தனித்தனி ஆட்களாகக் கொண்டால் மதிப்பு ஏறத்தாழ 1.16 வருகிறது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஆட்களாகக் கொண்டால் 6.3 வருகிறது. எண்கள் அவையேதான். ஆளுக்கு ஆள் உள்ள இயல்பான நினைவாற்றல் வேறுபாடு முதல் கணக்கில் இரைச்சலாக நின்று விளைவை மூடிவிட்டது. இரண்டாவது கணக்கில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோலாக நின்றதால் அந்த இரைச்சல் கழிந்துபோயிற்று.

எத்தனை பேரைத் திரட்ட வேண்டும் என்ற கேள்வியில் இந்த வேறுபாடு பணமாகவும் நாட்களாகவும் மாறுகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு விளைவை, அதாவது இரு சராசரிகளும் அரைத் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவீடுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அளவுக்கு விலகி நிற்பதை, 5 சதவீதப் பிழை வரம்பில் (இல்லாத விளைவை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்கத் தனிக்குழு வடிவமைப்பில் குழுவுக்கு 64 பேராக 128 பேர் தேவை. ஒரே ஆளின் இரண்டு அளவீடுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதன் அளவு, முழுமையாக என்றால் 1) 0.5 ஆக இருந்தால், ஒரே குழு வடிவமைப்பில் 34 பேர் போதும். முதுகலை ஆய்வேட்டுக்காக வகுப்பு வகுப்பாகச் சென்று ஆள் பிடிக்கும் மாணவருக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு பருவமே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் எப்போதும் ஒரே குழுவையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். தொடக்க நிலை மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆட்கள் குறைவு என்பதற்காக ஒரே குழுவைத் தேர்ந்துவிட்டு, முதல் சூழல் அந்த ஆளை என்ன செய்துவிட்டது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது சூழலுக்கு வந்து அமர்பவர் முதல் சூழலுக்கு வந்த அதே ஆள் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்; ஆனால் அவர் இப்போது சற்றுப் பழகியவராகவோ, களைத்தவராகவோ, சோதனையின் நோக்கத்தை ஊகித்தவராகவோ இருக்கக்கூடும். மேலே சொன்ன மாணவி ஐவரையும் முதலில் அமைதியிலும் பிறகு பாட்டோடும் சோதித்திருந்தால், இழந்த இரண்டு சொற்களுக்குக் காரணம் பாட்டா, இரண்டாம் பட்டியலுக்குள் வந்த அலுப்பா என்று அந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல வழியே இல்லை. வரிசையும் சூழலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன.

இதற்கு வழக்கமான பரிகாரம் வரிசையை மாற்றிச் சமன்செய்தல். பாதிப் பேருக்கு அமைதி முதலிலும் மீதிப் பேருக்குப் பாட்டு முதலிலும் கொடுத்தால், பழக்கமோ அலுப்போ இரண்டு சூழல்களிலும் சம அளவில் பகிரப்படும். ஸ்ட்ரூப்பும் தம் தாள்களின் வரிசையை இவ்வாறு மாற்றியே கொடுத்தார். சொற்பட்டியல் போன்ற சோதனையில் இன்னொன்றும் மாற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பட்டியலை இருமுறை கொடுக்க முடியாது. இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒரு பட்டியல் மற்றதைவிட எளிதாக அமைந்துவிடலாம். ஆகவே எந்தப் பட்டியல் எந்தச் சூழலோடு சேர்கிறது என்பதையும் மாற்ற வேண்டும். வரிசை இரண்டு, சேர்க்கை இரண்டு. ஆக நான்கு வகைப் படிவங்கள் தேவைப்படும். பங்கேற்பாளர்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடுமாறு முதலிலேயே முடிவு செய்துகொண்டால், கடைசி நாளில் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

சூழல்கள் கூடும்போது வரிசைகளின் எண்ணிக்கை மிக வேகமாகப் பெருகும். மூன்று சூழல்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம், நான்கை 24 விதமாக, ஐந்தை 120 விதமாக. எல்லா வரிசைகளையும் பயன்படுத்த இயலாதபோது லத்தீன் சதுரம் கைகொடுக்கிறது. அ, ஆ, இ, ஈ என்ற நான்கு சூழல்களுக்கு, அ-ஆ-ஈ-இ, ஆ-இ-அ-ஈ, இ-ஈ-ஆ-அ, ஈ-அ-இ-ஆ என்று நான்கே வரிசைகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சூழலும் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் ஒவ்வொரு முறை வருகிறது. அதோடு, ஒவ்வொரு சூழலும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேர் அடுத்ததாக ஒரேயொரு முறை வருகிறது. 24 வரிசைகள் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை நான்கு வரிசைகள் செய்துவிடுகின்றன.

ஆனால் வரிசையை மாற்றுவது எல்லா நோய்க்கும் மருந்தன்று. அதன் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: அ-விலிருந்து ஆ-வுக்குக் கடந்து வரும் எச்ச விளைவும் (முந்தைய சூழல் ஆளிடம் விட்டுச்செல்லும் பாதிப்பு), ஆ-விலிருந்து அ-வுக்குக் கடந்து வரும் எச்ச விளைவும் ஏறத்தாழச் சமம் என்பதே அது. நினைவாற்றலைக் கூட்டும் உத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தம் வீட்டின் வாசல், திண்ணை, கூடம், அடுக்களை என்று ஒவ்வோர் இடத்திலும் வைத்ததாகக் கற்பனை செய்யுமாறு ஒருவருக்குக் கற்றுத்தருகிறோம். உத்தி இல்லாமல் படிப்பதோடு அதை ஒப்பிட விரும்புகிறோம். உத்தியில்லாச் சூழலை முதலில் சந்தித்தவர்களிடம் சிக்கலில்லை. உத்தியை முதலில் கற்றவரிடம், ‘இப்போது அதை மறந்துவிட்டுச் சாதாரணமாகப் படியுங்கள்’ என்று சொல்ல முடியுமா? அடுத்த பட்டியலின் முதல் பொருளைக் கண்டதும் மனம் தானாகவே வாசலுக்குப் போய்விடும். எச்சம் ஒரு திசையில் மட்டும் பெரிதாக இருப்பதால், வரிசையை எவ்வளவு கவனமாக மாற்றினாலும் உத்தியின் உண்மையான பயன் குறைவாகவே கணக்கில் வரும். இத்தகைய தரவு ஏற்கெனவே கையில் வந்துவிட்டால், ஒவ்வொருவரும் முதலில் சந்தித்த சூழலின் அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தனிக்குழுச் சோதனையாகக் கருதி ஆராய்வது ஒரு வழி. பாதித் தரவு வீணாகும் என்றாலும், மிஞ்சும் பாதியில் எச்ச விளைவின் கறை இராது.

எச்சத்தில் கரைந்து போவதும் உண்டு, கரையாததும் உண்டு. காபியில் உள்ள காஃபீன் பெரியவர்களின் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆகவே கவனத்தின் மீது காபியின் விளைவை ஆராய்பவர் இரண்டு அமர்வுகளுக்கும் இடையில் சில நாள் இடைவெளி விட்டால், அதே ஆளை மீண்டும் தூய நிலையில் பெறலாம். ஒரு புதிரின் விடையை அறிந்துகொண்டவரையோ, ஒரு தந்திரத்தின் நோக்கத்தைப் புரிந்துகொண்டவரையோ எத்தனை நாள் காத்திருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. முதல் சூழல் ஆளை மாற்றிவிடுகிறதா, அந்த மாற்றம் கரைகிறதா என்ற இந்தக் கேள்வியைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ஆட்களின் எண்ணிக்கை, செலவு, நேரம் ஆகியவை அதற்குப் பிறகுதான்.

கரையாத வகைக்கு, எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கார் விபத்துகளைக் காட்டும் ஏழு சிறு படத்துண்டுகளை 45 மாணவர்கள் பார்த்தார்கள். அவர்கள் ஒன்பது பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்கப்பட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது: ஒரு குழுவிடம் கார்கள் நொறுங்க மோதியபோது என்றும், மற்றொரு குழுவிடம் ஒன்றையொன்று தொட்டபோது என்றும், ஏனைய குழுக்களிடம் இவற்றுக்கு இடைப்பட்ட சொற்களாலும் கேட்டார்கள். ‘நொறுங்க மோதிய’ குழுவின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலைச் சற்றுத் தாண்டியது. ‘தொட்ட’ குழுவின் சராசரி 31.8 மைல். இதை ஒரே ஆளிடம் ஐந்து சொற்களிலும் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது முறை கேள்வி வரும்போதே, ‘இவர்கள் சொல்லைத்தான் மாற்றுகிறார்கள்’ என்று அவர் கண்டுகொண்டிருப்பார். அதன்பின் அவர் தரும் எண்கள் அவருடைய நினைவைக் காட்டா, நம்முடைய எதிர்பார்ப்பைப் பற்றிய அவருடைய ஊகத்தையே காட்டும். ஆனால் இதே சோதனையில் ஒவ்வொருவரும் ஏழு படத்துண்டுகளையும் பார்த்தார்கள் என்பதையும், குழுவுக்குக் குழு துண்டுகளின் வரிசை மாற்றப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு விபத்தைப் பார்ப்பது அடுத்ததைப் பார்ப்பதைப் பெரிதாகக் கெடுக்காது. ஒரு சொல்லைக் கேட்பது அடுத்ததைக் கேட்பதைக் கெடுத்துவிடும். எதை ஒரே ஆளிடம் விடலாம், எதைப் பிரிக்க வேண்டும் என்று மாறிவாரியாக அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள்.

குழுக்களைப் பிரிப்பது என்று முடிவானால், எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. முன்வரிசையில் இருப்பவர்கள் ஒரு குழு, பின்வரிசை மற்றொன்று என்றோ, காலையில் வந்தவர்கள் ஒன்று, மாலையில் வந்தவர்கள் மற்றொன்று என்றோ பிரித்தால், குழுக்கள் தொடங்கும்போதே வேறுபட்டுவிடும். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிப்பதே முறை. கணினியின் சமவாய்ப்பு எண்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. உளவியலில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. 1880-களில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் மிகச் சிறிய எடை வேறுபாடுகளை மனிதர் உணர முடியுமா என்று ஒருவர்மீது ஒருவர் சோதித்தபோது, எடை கூடுவதும் குறைவதும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைக் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டைக் கொண்டே தீர்மானித்தார்கள். சீட்டாட்டத்துக்கு இதைவிடக் கண்ணியமான பயன் இருக்குமா என்று தெரியவில்லை.

குலுக்கலின் நீதி பெரிய எண்ணிக்கையில்தான் வெளிப்படும். குழுவுக்கு ஐம்பது பேர் இருந்தால் துணிச்சல்காரர்களும் கூச்சக்காரர்களும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள். குழுவுக்கு ஆறு பேர் என்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. ஆல்பர்ட் பாண்டுராவும் டோரத்தியா ராஸும் ஷீலா ராஸும் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்தி 1961-இல் வெளியிட்ட போபோ பொம்மைச் சோதனையில் இந்தச் சிக்கல் இருந்தது. 36 சிறுவர்கள், 36 சிறுமியர் என 72 குழந்தைகள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்தவர்கள் 24 பேர், அமைதியாக நடந்துகொண்ட பெரியவரைப் பார்த்தவர்கள் 24 பேர், யாரையும் பார்க்காதவர்கள் 24 பேர். குழந்தையின் பாலும் பெரியவரின் பாலும் சேர்ந்து உட்குழுக்களாகப் பிரியும்போது ஓர் உட்குழுவில் ஆறே குழந்தைகள்தாம். ஏற்கெனவே முரட்டுத்தனம் மிகுந்த மூன்று குழந்தைகள் ஒரே உட்குழுவில் சேர்ந்துவிட்டால் முடிவு கெட்டுப்போகும். ஆகவே குழந்தைகளை நன்கு அறிந்த ஆய்வாளரும் ஆசிரியரும் ஒவ்வொரு குழந்தையின் முரட்டுத்தனத்தையும் முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். ஒத்த மதிப்பீடு பெற்றவர்களை மூன்று மூன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு மூவரிலிருந்தும் ஒருவரைக் குலுக்கல் முறையில் மூன்று சூழல்களுக்கும் அனுப்பினார்கள். இதற்கு இணைசேர்த்த வடிவமைப்பு என்று பெயர். ஒரே ஆளையே பயன்படுத்த முடியாதபோது அவரைப் போன்ற ஒருவரைத் தேடிப் பயன்படுத்தும் வழி இது. எந்தப் பண்பில் இணைசேர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதை முன்கூட்டியே அளக்கவும் வேண்டும் என்பதால் இதில் உழைப்பு அதிகம்; அளக்கப்போகும் பொருளோடு தொடர்பில்லாத பண்பில் இணைசேர்த்தால் அந்த உழைப்பு அத்தனையும் வீண்.

தனிக்குழுவுக்கும் ஒரு பொறி உண்டு. அதை மைக்கேல் பிர்ன்பாம் 1999-இல் சற்றுக் குறும்பாகவே காட்டினார். ஒரு குழுவிடம், 9 என்ற எண் எவ்வளவு பெரியது என்பதை ஒன்று முதல் பத்து வரையிலான அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார்; வேறொரு குழுவிடம் 221 என்ற எண்ணைக் கொடுத்தார். 9-க்குக் கிடைத்த சராசரி 5.13; 221-க்குக் கிடைத்தது 3.10. தனிக்குழுக்களின் சராசரிகளை அப்படியே நம்பினால் 9 என்பது 221-ஐவிடப் பெரிய எண்! காரணம் எளியது. 9 என்று கேட்டவர் ஓரிலக்க எண்களோடு அதை ஒப்பிட்டுப் பெரிது என்றார். 221 என்று கேட்டவர் மூவிலக்க எண்களை மனத்தில் கொண்டு சிறிது என்றார். ஒப்பிடுவதற்கு எதையும் நாம் தராதபோது, பங்கேற்பாளர் ஒப்பீட்டைத் தாமே கொண்டுவந்துவிடுகிறார், அதுவும் கொடுத்த பொருளுக்கு ஏற்றாற்போல. வேகத்தையோ நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கையையோ அளக்கும்போது இந்தக் கவலை குறைவு. ‘எவ்வளவு கொடியது’, ‘எவ்வளவு நியாயமானது’, ‘எவ்வளவு வலித்தது’ என்று கருத்தைக் கேட்கும் சோதனைகளில், தனிக்குழுவின் சராசரிகளை ஒப்பிடும் முன் இரண்டு குழுக்களும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றனவா என்று ஐயப்பட வேண்டும்.

நடைமுறையில் பல ஆய்வுகள் லாஃப்டஸ், பாமர் செய்ததைப் போல இரண்டையும் கலந்தே அமைகின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கொண்டு ஸ்ட்ரூப் சோதனையைத் தமிழில் செய்ய விரும்புகிறீர்கள் என்றால், தாளின் வகையை ஒரே ஆளிடம் விட்டுவிடலாம்: ஒவ்வொரு பிள்ளையும் கட்டத் தாளையும் சொல் தாளையும் படிக்கட்டும், பாதிப் பேர் ஒன்றை முதலிலும் மீதிப் பேர் மற்றதை முதலிலும். வகுப்பு என்பது தனிக்குழுவாகத்தான் இருக்க முடியும், ஏனெனில் ஒரே பிள்ளை இன்று இரண்டு வகுப்பிலும் இருக்க இயலாது. இந்தத் தனிக்குழுவைச் சீட்டுக் குலுக்கி உண்டாக்கவும் முடியாது. பிள்ளைகள் அந்தந்த வகுப்பிலேயே நம்மிடம் வருகிறார்கள். வகுப்போடு சேர்ந்து வயதும், வாசிப்புப் பழக்கமும், தேர்வு எழுதிய அனுபவமும் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே தாளின் வகையால் நேரம் கூடியது என்று காரணமாகவே எழுதலாம். வகுப்பைப் பற்றி எழுதும்போது, இரண்டு வகுப்புகளுக்கும் இடையில் இந்த வேறுபாடு காணப்பட்டது என்பதோடு பேனாவை நிறுத்திக்கொள்ள வேண்டும்.